கருப்பையாவின் நாலு பக்க லீவு லெட்டர்

என் ஆசை மாப்ளே கருப்பையா,

இது நீளமான கடிதம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இருந்த காலத்தில் நான் உனக்கு எழுதியதெல்லாம் ‘ஓகே’, ‘சரி’, ‘பார்ப்போம்’. மிஞ்சிப் போனால் ஒரு கட்டைவிரல் பொம்மை. மாமனுக்கு என்ன வந்தது, இவ்வளவு எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். படித்து முடித்த பிறகு திட்டினாலும் வாங்கிக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மஸ்கட் ரூவியில் நம் கம்பெனி ஆபீஸ் அதே மாடியில்தான் இருக்கிறது. கீழே சாயாக் கடை, எதிரே பஸ் நிற்கிற இடம், எல்லாம் நீ விட்டுப் போனபடியே. நானும் அதே மேசையில் இருக்கிறேன். முந்நூறு பேருடைய லீவு, விசா, கேம்ப் புகார் எல்லாம் இன்னமும் என் கையைத் தாண்டித்தான் மேனேஜரிடம் போகின்றன. அவரவர் தமிழிலோ இந்தியிலோ கொட்டுவதை இங்கிலீஷில் ஒரு வரியாக்கி மேலே அனுப்புவேன். பதினேழு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

நீ முதன்முதலில் என் மேசைக்கு வந்தது கேம்ப் பாத்ரூமில் ஹீட்டர் ஓடவில்லை என்று புகார் சொல்ல. ஏசி குழாய் மாட்டுகிற வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையில் இரண்டு பக்கம். ஹீட்டர் எப்போது வந்தது, யார் மாட்டியது, யார் அதன் மேல் சட்டை காயப்போட்டது என்று அந்த ஹீட்டரின் ஜாதகமே அதில் இருந்தது. “ஏன்யா, ஹீட்டர் ரிப்பேர்னு ரெண்டு வார்த்தை எழுதுனாப் பத்தாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

“ரெண்டு வார்த்தைன்னா ரெண்டு நாள்ல மறந்துருவாக பாய். கதை தெரிஞ்சாத்தானே மனசுல நிக்கும்?” என்றாய். அறந்தாங்கிப் பக்கத்துப் பேச்சு. கடற்கரையில் இருக்கிற என் ஊருக்கும் உன் ஊருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அன்றைக்குச் சாயா குடித்து முடிப்பதற்குள் நான் மாமாவாகிவிட்டேன், நீ மாப்ளே ஆகிவிட்டாய்.

வாட்ஸப் வந்த பிறகும் நீ திருந்தவில்லை. உன் செய்தி பாதியில் நின்று, கீழே ‘மேலும் படிக்க’ என்று நீல எழுத்து வரும். அந்த நீல எழுத்தை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை மாப்ளே. முதல் மூன்று வரியைப் பார்த்து ‘ஓகே’ போட்டுவிடுவேன். ‘அப்ப நான் வேலைய விட்டுட்டுப் போயிரவா மாமா?’ என்று நீ முடித்திருந்த செய்திக்கும் ‘ஓகே’ போட்டிருக்கிறேன். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி ரூமையே சிரிக்க வைத்தாய்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு பேரும் நாலு நாலு பக்கம் எழுதினால் யாருக்கு எப்போது லீவு கிடைக்கும்? ‘தகப்பனார் இறந்துவிட்டார்’ என்று ஒரே வரி அடித்து, அரைமணியில் கையெழுத்து வாங்கி, அன்றைய ஃபிளைட்டிலேயே ஆளை ஏற்றிவிட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தால் தகப்பன் மய்யத்தின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சுருக்கமாக எழுதி நான் நல்லது செய்த நாட்கள் உண்டு. அதுவே எனக்குத் தலைக்கனத்தையும் கொடுத்தது.

இனி அந்த லீவு லெட்டர். நாம் இரண்டு பேரும் அதற்கப்புறம் வாய் திறக்காத விஷயம்.

உன் அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று தகவல் வந்த அன்று, டூட்டி முடிந்து உடுப்புக்கூட மாற்றாமல் வந்தாய். பதினோரு வருஷமாக உங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷர், “தம்பி முகத்தைப் பாத்துட்டுத்தான் ஆபரேசனுக்குப் படுப்பேன்” என்று பிடிவாதம் பிடிக்கிறாராம். கோடு போட்ட தாளில் நாலு பக்கம் எழுதி, பின் அடித்து என் கையில் தந்தாய்.

“இத அப்புடியே இங்கிலீசுல எழுதி மேனேஜர்ட்டக் குடுங்க மாமா. முழுசாப் படிச்சாத்தான் அவுகளுக்கு வெளங்கும்.”

முதல் வரியைப் பார்த்தேன். ‘ஐயா, எங்கள் வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறது.’ எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. லீவு லெட்டரை யாராவது சுவரிலிருந்து ஆரம்பிப்பார்களா? முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். ‘அண்ணனுக்கு ஆபரேஷன், பத்து நாள் லீவு வேண்டும்’ என்று ஃபாரத்தில் ஒரு வரி அடித்து, மற்ற ஃபாரங்களோடு சேர்த்து உள்ளே கொண்டுபோனேன். உன் நாலு பக்கத்தை உன் ஃபைலில் சொருகிவிட்டேன்.

கம்பெனி விதிப்படி அவசர லீவு தாய், தகப்பன், மனைவி, பிள்ளைகளுக்குத்தான். எகிப்துக்காரரான நம் மிஸ்ரி மேனேஜர் அந்த ஒரு வரியைப் பார்த்தார். “பிரதர் மாஃபி. கலாஸ்” என்றார், அண்ணனுக்கெல்லாம் கிடையாது, முடிந்தது என்று தாளைத் தள்ளிவிட்டார். பத்து வினாடி ஆகியிருக்குமா? ஆகியிருக்காது.

நீ வெளியே நின்றுகொண்டிருந்தாய்.

“நாலு பக்கமும் படிச்சாகளா மாமா?”

“படிச்சாரு மாப்ளே. முழுசும் படிச்சிட்டுத்தான் முடியாதுன்னுட்டாரு.”

“முழுசும் படிச்சிட்டுமா?”

படியிறங்கிப் போய்விட்டாய்.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன்? நான் கொடுக்கவேயில்லை என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லை. நாலு பக்கத்தைக் கொடுத்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும், விதி விதிதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் அண்ணன் ஒன்பது நாள் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுப் பார்த்தார். பிறகு படுத்தார், எழுந்திருக்கவில்லை.

அதோடு நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய். உன் செய்திகளில் ‘மேலும் படிக்க’ வரவே இல்லை. ‘சரி மாமா’, ‘ஆச்சு மாமா’ அவ்வளவுதான். அடுத்த குளிரில் ஹீட்டர் மறுபடியும் கெட்டுப்போனபோது நீ ஒரு சீட்டு அனுப்பினாய். அதில் ‘ஹீட்டர் ரிப்பேர்’ என்று இரண்டே வார்த்தை. நான் கேட்டது அதுதானே? அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தேனா? இல்லை.

மூன்று வருஷம் கழித்து நீ ஒரேயடியாக ஊருக்குப் போனாய். எட்டு மாதத்தில் கேம்ப் குரூப்பில் ஒரு வரி வந்தது. ‘நம்ம கருப்பையா நெஞ்சுவலியில் தவறிட்டார்.’ அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நானும் ஒரு பொம்மை வைத்தேன். உனக்காக நான் எழுதிய இரங்கல் அவ்வளவுதான் மாப்ளே, என்னை மன்னித்துவிடு.

போன மாதம் ஆபீஸில் காகிதத்தையெல்லாம் ஒழித்தார்கள். இனிமேல் லீவு கேட்பதும் போனிலேயே. காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் கொடுத்திருக்கிறார்கள், நூறு எழுத்து ஆனதும் நின்றுவிடும். நான் ஆசைப்பட்ட மாதிரியே உலகம் ஆகிவிட்டது. பழைய ஃபைல்களை மெஷினில் போட்டுக் கிழிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. உன் ஃபைலைத் திறந்தால் அந்த நாலு பக்கம்.

மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தச் சுவரை எழுப்பியது அண்ணன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீதான் கொத்தனாரைக் கூட்டிவந்து, அவர் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் எழுப்பினாய் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அவர் ஒன்றுமே சொல்லாமல் தன் பக்கத்துக்குப் பூச்சு பூசி வெள்ளையடித்தாராம். ‘அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நான் அன்றைக்கே சுவரை இடித்திருப்பேன் ஐயா’ என்று எழுதியிருக்கிறாய்.

மூன்றாம் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து வயதில் உனக்குத் தகப்பனும் தாயும் இல்லாமல் போனது, அண்ணன் உன்னைத் தூக்கி வளர்த்தது, பள்ளிக்கூடச் சான்றிதழில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்ற இடத்தில் அவர் பெயர் இருப்பது, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ‘பெயருக்குத்தான் அண்ணன். கம்பெனி சட்டத்தில் இவரைத் தகப்பனாக எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.’ சான்றிதழின் நகலையும் பின்னால் வைத்து அடித்திருக்கிறாய். விதி உனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பதிலையும் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறாய். நான் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

நாலாம் பக்கத்தின் கடைசியில் என்ன எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? ‘இதை இங்கிலீஷில் மாற்றித் தருபவர் எங்கள் நைனா மாமா. சுருக்கமாகப் பேசுகிறவர். ஆனாலும் என் விஷயத்தில் ஒரு சொல்லையும் விடமாட்டார் என்று நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.’

அழுதுவிட்டேன் மாப்ளே. அடுத்த மேசை மலையாளி ஓடிவந்து, “எந்து பற்றி இக்கா?”, என்ன ஆச்சு என்று தோளைப் பிடித்தார். ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் இங்கிலீஷில் எழுதினேன். சுவர், கொத்தனார், வெள்ளையடித்தது எதையும் விடவில்லை. மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் வழக்கம்போல, “நைனா, ஒரு வரியில் சொல்” என்றார். “முடியாது சார், நீங்கள் படிக்க வேண்டும்” என்றேன். பதினேழு வருஷத்தில் நான் அவரிடம் முடியாது என்றது அதுதான் முதல் தடவை. மனுஷர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நடுவில் போன் அடித்தது, எடுக்கவில்லை.

முடித்துவிட்டு, “இவர்கள் இப்போது எங்கே?” என்று கேட்டார்.

“ரெண்டு பேருமே இல்லை சார்.”

தாளை மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். “லீவு கொடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் படித்திருப்பேன். ஏன் என்னிடம் கொடுக்கவில்லை?”

சுருக்குவதில் தப்பில்லை, முழுசும் படிக்காமலே சுருக்கினேன், அதுதான் நான் செய்த தப்பு. இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தாள்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் வீட்டுக்குப் போன் போட்டேன். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி செல்விதான் எடுத்தது. எப்படிம்மா இருக்கே, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, அண்ணன் வீட்டோடு போக்குவரத்து உண்டா என்றேன். அது வெடித்து அழுதுவிட்டது.

“இவுக காரியத்துக்குக்கூட மூத்தவுக வீட்டு அக்கா எட்டிப் பாக்கலண்ணே. ‘அண்ணன் சாகக் கெடந்தப்ப வராதவனுக்கு நான் எதுக்கு வரணும்? லீவு கெடைக்கலையாம்ல, நாலு எழுத்து எழுதிக் கேட்டிருந்தா கம்பெனிக்காரன் விட மாட்டேன்னா சொல்லிருவான்?’னு ஊரு பூராச் சொல்லுது. ஒரே வீட்டுக்குள்ளதான் இருக்கோம். அந்தப் பக்கம் அக்கா இருமுறது இந்தப் பக்கம் கேக்குது. பேச்சு இல்ல.”

நாலு எழுத்து. நாலு பக்கம் எழுதியவனைப் பற்றி ஊரில் இந்தப் பேச்சு. நீ செத்த பிறகும் உன் மேல் கிடக்கிற பழி அது, என்னுடைய சோம்பேறித்தனத்தால் வந்தது. உன் அண்ணிக்கு என்ன தெரியும் பாவம்? புருஷன் ஒன்பது நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததைத்தான் அவர் பார்த்தார்.

உண்மையைச் செல்வியிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம், வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பியிருக்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதுவும் ஒரு வரியாகிவிடும், ‘லெட்டர் கிடைச்சிருச்சாம்’ என்று ஊருக்குள் போகும்.

எனக்கே லீவு போட்டேன். போனில் அந்தச் சின்னக் கட்டத்தில் காரணத்தைக் கொஞ்சம் கதையோடு தட்டினேன். ‘...என் மாப்பிள்ளையின் கடிதத்தை அவன் அண்ணியிடம்’ என்று வந்துகொண்டிருக்கும்போதே நூறு எழுத்தைத் தொட்டு நின்றுவிட்டது. பழையபடி தாளில் எழுதி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மேனேஜர் இந்தத் தடவை ஒரு வரி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “அந்த அம்மாவுக்கு முழுசும் படித்துக் காட்டு” என்றார்.

வியாழக்கிழமை திருச்சி ஃபிளைட். என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன், முதலில் மாப்பிள்ளை ஊர், அப்புறம்தான் நம் வீடு என்று. உன் அண்ணி கதவைத் திறக்காமல் போகலாம். திறக்காவிட்டால் வாசலில் நின்று படிப்பேன். தெருவே கூடினாலும் சரி, சுவரின் இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி படிப்பேன். எனக்குத் தொண்டை நல்ல தொண்டை என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னவன்.

உன் நாலு பக்கத்துக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒரு பக்கம் சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன். அது நான் எழுதியது. நான் படிக்காமல் விட்டதும், கொடுக்காமல் விட்டதும், உன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்யும் அதில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு உன் அண்ணி என் மேல் மண்ணை வாரித் தூற்றட்டும், செல்வி என்னை அண்ணே என்று கூப்பிடாமல் போகட்டும். ஐந்து பக்கமும் படித்து முடிக்காமல் அந்த வாசலைவிட்டு நகரமாட்டேன்.

ஒரு சொல்லையும் விடமாட்டேன் மாப்ளே.

உன் விஷயத்தில் ஒரு தடவை தவறிப்போன,
உன் மாமன்
நைனா