அணைந்திருந்த பின்விளக்கு

பதிவு 1
2068 மார்ச் 4, 07:10. விளக்கு நிலையம், பள்ள விளிம்பு, நிலவின் தென்முனை.

எல்லா வண்டிகளின் பின்விளக்குகளும் சோதிக்கப்பட்டன. ஐந்தாம் வண்டியில் ஒரு பற்றவைப்பு அசிங்கமாக இருந்தது. பிரித்து மறுபடி செய்தேன். காற்று வடிகட்டி சரி. வெப்பமூட்டி சரி.

எழுதுபவர் பிலோமினா சந்தியாகு, விளக்குப் பொறியாளர், வயது எழுபத்தொன்று.

இதைப் பிற்பாடு வாசிப்பவருக்கு இந்தப் பள்ளத்தைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். இங்கே சூரிய ஒளி விழுந்ததே இல்லை. அடியில் பனிச்சுரங்கம் இருக்கிறது. முகப்பு விளக்கைப் போட்டு ஓட்ட முடியாது. காற்றில்லாத இடத்தில் வெளிச்சம் பரவாது. நிழலும் தரையில் பிளந்த கீறலும் ஒரே கறுப்பாகத் தெரியும். ஆகவே வண்டிகள் முன்பக்கம் இருட்டாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொரு வண்டியிலும் பின்தொடர் கண் என்று ஒரு கருவி உண்டு. முன்னால் போகும் வண்டியின் சிவப்பைப் பிடித்துக்கொண்டு அது ஓட்டும். அந்தச் சிவப்புக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு துடிப்பு இருக்கிறது. 'வா', 'மெதுவாக', 'நில்' என்று அது சொல்லும். கண் ஒளியை இழந்தால், பழைய வேகத்திலேயே சில நொடிகள் நேராக ஓடிவிட்டுத்தான் நிற்கும்.

அதனால் இங்கே ஒரே ஒரு சட்டம். பின்னால் ஆள் இருக்கும்வரை பின்விளக்கை அணைக்கக் கூடாது.

இன்று நிர்வாகி தயாபரனிடமிருந்து ஒரு வேலை வந்தது. பூமியிலிருந்து அவர் கொண்டுவந்து, மின்மோட்டாரும் பின்தொடர் கண்ணும் பொருத்திய நூறு வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய எல்.இ.டி. பின்விளக்குகள் வேண்டுமாம்.

"அம்மணி, புதுச் சுரங்கம் தொறக்கறமுங்க. வரிசைக்கு வழிகாட்டி நீங்க, உங்களுக்குப் பின்னால நானு. மேல்மூடி இல்லாம, எல்லாரும் பாக்கற மாதிரி போறேன். ரெண்டு லைட்டும் நகை மாதிரி இருக்கோணும்."

"என் பேரு மிஸஸ் சந்தியாகு."

"தெரியுமுங்க அம்மணி."

ஒப்புக்கொண்டேன். எனக்கு எழுபத்தொன்று ஆனாலும் இந்த வேலையை வேறு யாரிடமும் விடும் எண்ணம் இல்லை.

பதிவு 2
மார்ச் 6, 09:30

பழைய விளக்குக் கூடுகள் இரண்டையும் அளவுக்காகத் தயாபரனே கொண்டுவந்தார். இடப்பக்கம் முழுதாக இருக்கிறது. வலப்பக்கம் நொறுங்கியிருக்கிறது.

"அது உங்க வீட்டுக்காரர் இடிச்சதுல போச்சுங்க. இத்தாலியில வார்த்த கண்ணாடி, இனி எங்க கெடைக்கும்? எடதுபக்கமாவது மிஞ்சுச்சே."

இரண்டையும் வாங்கி மேசையில் வைத்தேன். என் கணவர் சந்தியாகு இரண்டு வருடங்களுக்கு முன் இந்தக் காருக்குப் பின்னால் சரக்கு வண்டி ஓட்டிப் போனார். காரின் வலப்பக்கத்தில் மோதி, விலகி, ஒன்பதாம் கீறலுக்குள் விழுந்தார். வண்டியையும் எடுக்கவில்லை, அவரையும் எடுக்கவில்லை. தன் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்று தயாபரன் சத்தியம் செய்தார். 'ஓட்டுநர் கண்ணயர்ந்தார்' என்று விசாரணை முடிந்தது.

அதன் பிறகு இந்தக் குடியிருப்பில் ஒரு பேச்சு வழக்கு வந்துவிட்டது. வண்டி ஓட்டப் பழகுகிறவர்களிடம், "பாத்து, சந்தியாகு போட்டுறாத" என்கிறார்கள். தூங்கிவிடாதே என்று பொருள். நாற்பது வருடம் என் பக்கத்தில் படுத்தவர். குண்டூசி விழுந்தால் எழுந்து உட்காருவார்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்கிறேன். எல்.இ.டி. எதற்கு என்று கேட்டதற்குத் தயாபரன் சொன்னது:

"குண்டு பல்பு போட்டா உள்ள சூடு, வெளிய குளிருங்க. கண்ணாடி விண்ணுனு கீறல் உட்டுரும். அதனால எப்பவுமே அப்பப்ப அணைச்சு அணைச்சுத்தான் வெப்பேன்."

"எப்பவுமேன்னா?"

"காட்சிக்கு நிக்கறப்பங்க, அம்மணி. காட்சிக்கு."

பதிவு 3
மார்ச் 6, 16:00

நொறுங்கிய கூட்டைத் திறந்தேன். குண்டு பல்பு இன்னும் அதன் குழியிலேயே இருக்கிறது. கண்ணாடி இல்லை, இழை மட்டும்.

விசாரணைக்கு வந்தவர்கள் எல்லாரும் குண்டு பல்பைப் பார்க்காமலே வளர்ந்தவர்கள். நான் பார்த்திருக்கிறேன். மதுரையில் என் முதல் வேலையே விபத்து வண்டிகளின் பல்புகளைப் பரிசோதிப்பது. எரியும் இழை பழுக்கக் காய்ந்து மென்மையாக இருக்கும். மோதினால் இழுபட்டு, சுருள் பிரிந்து, தளர்ந்த நூல்போல் நீண்டுவிடும். அணைந்திருக்கும் இழை குளிர்ந்து விறைத்திருக்கும். மோதினால் ஊசிபோல் ஒடியும்.

உருப்பெருக்கியில் மூன்று முறை பார்த்தேன். சுருள் குலையவில்லை. ஒரு முனை சுத்தமாக ஒடிந்திருக்கிறது.

விளக்கு அணைந்திருந்தது.

கண்ணாடி கீறிவிடும் என்று அணைத்திருக்கிறார். பின்னால் ஒரு மனிதன் வருகிறான் என்று தெரிந்தே அணைத்திருக்கிறார்.

பதிவு 4
மார்ச் 9, 11:20

படங்களும் விளக்கமும் விசாரணைப் பிரிவுக்குப் போயின. பதில் வந்தது.

"அம்மா, இழைன்னா என்னம்மா? பல்புக்குள்ள கம்பியா? சரி, இத மறுபடி எடுக்கணும்னா நிர்வாகி கையெழுத்து வேணும்."

நிர்வாகி தயாபரன்.

கான்வென்ட்டில் சிஸ்டர் எர்மெலிண்டா தையல் வகுப்பில் ஒரு தையல் பிசகினால் முழுவதையும் பிரிக்கச் சொல்வார். மற்றப் பெண்கள் அழுவார்கள். நான் பிரித்தேன். எனக்குப் பிரிப்பதுதான் பிடிக்கும்.

பதிவு 5
மார்ச் 15, 18:45

வேலை குறிப்பு. ஒவ்வொரு விளக்கிலும் இரண்டு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. ஆழ்சிவப்பு எல்.இ.டி. அலுமினியத் தகட்டின்மேல் அமைத்திருக்கிறேன். இங்கே விசிறியும் உதவாது, தகட்டு மடிப்பும் உதவாது. சூட்டை எடுத்துப்போகக் காற்றே இல்லை. தடித்த செப்புப் பட்டை வழியாகக் காரின் இரும்பு உடம்புக்குள் இறக்கிவிட்டேன். முன்னால் அவருடைய அருமைக் கண்ணாடி. வலப்பக்கத்துக்கு நானே ஒன்று வார்த்தேன். எது அசல் என்று அவருக்கே தெரியாது.

மின்னோட்டம் சீர். இருபத்துநான்கு மணி நேரம் எரியவிட்டேன். கண்ணாடி வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை.

இனி அவருக்குத் தெரியாத பகுதி. துடிப்பை மாற்றும் சாவி என் வழிகாட்டி வண்டியில் இருக்கிறது. ரேடியோ எட்டும் தூரத்தில் நான் இருந்தால், அவர் காரின் பின்விளக்கு 'நில்' என்று சொல்லும், 'வா' என்று சொல்லும். அவருடைய முகப்புப் பலகையில் ஒன்றும் தெரியாது.

அவருக்குப் பின்னால் வரும் வண்டிகளில் குடும்பங்கள் இருக்கும். அவர்களில் ஒருவருக்கும் கீறல் விழக் கூடாது. இந்த விளக்கைச் செய்ததே அவர்களை அவரிடமிருந்து பிரித்து நிறுத்தத்தான்.

நான் கோபத்தில் எழுதவில்லை. கையெழுத்தைப் பாருங்கள்.

பதிவு 6
மார்ச் 20, 10:05. வழிகாட்டி வண்டி.

வரிசை கிளம்பிவிட்டது. முதலில் நான். பின்னால் தயாபரன், திறந்த காரில், வெள்ளி நிற விண்வெளி உடையில். உடையில் மூன்று மணி நேரக் காற்று. அவருக்குப் பின்னால் இசக்கியின் வண்டி, அப்புறம் மற்றவை. இசக்கி என் கணவரோடு ஓட்டியவன், விளாத்திகுளத்துக்காரன்.

"யக்கா, என்ன லைட்டு போட்டிருக்கிய! ரெண்டு ஜாங்கிரியத் தொங்கவுட்ட மாரி இருக்கு."

"ஜாங்கிரி ஆரஞ்சு. இது சிவப்பு. நெறம் தெரியாதவனுக்கு எவம்ல லைசென்ஸ் குடுத்தான்?"

"ஒங்க வீட்டு அண்ணாச்சிதாம் கத்துக் குடுத்தாவ. அப்ப அவியளத்தாம் வையணும்."

சிரித்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

தயாபரனும் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இசக்கி, அண்ணாச்சி மாதிரி சந்தியாகு போட்றாதப்பா. காருக்குப் புது லைட்டு."

அவரும் சிரித்தார். இசக்கி சிரிக்கவில்லை.

பதிவு 7
10:50

சாவியைத் திருப்பினேன். காரின் பின்விளக்கு 'நில்' என்றது. இசக்கியின் வண்டி நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. தயாபரனுக்குத் தெரியாது, அவர் என் சிவப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"யக்கா, நில்லுங்குது. போட்டோ எடுக்காவளோ?"

"வெளக்கு என்ன சொல்லுதோ அதக் கேளு."

"சரிக்கா. அது வான்னு சொல்லுத வர அசைய மாட்டோம்."

அசைய மாட்டார்கள். இந்தப் பள்ளத்தில் நிற்கச் சொன்னால் நிற்பார்கள். நானும் சந்தியாகும்தான் அப்படிப் பழக்கினோம்.

அரைக் கிலோமீட்டர் தாண்டியதும் இசக்கியின் குரல் கரகரத்து நின்றது. இதற்குமேல் ரேடியோ எட்டாது. சிவப்பு மட்டும் எட்டும்.

பதிவு 8
11:08. ஒன்பதாம் கீறல்.

என் வண்டியின் சக்கரம் ஆள் உயரம், கீறலைத் தாண்டிவிடும். ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரம் முழங்கால் உயரம். தாண்டி நின்று, என் பின்விளக்கை அணைத்தேன். மின்சாரத்தையும் முழுதாக நிறுத்தினேன். வெப்பமூட்டியும் நின்றது. சட்டத்தை மீறியவள் நானும்தான், அவருக்குள்ள இருட்டும் குளிரும் எனக்கும். ரேடியோவும் அந்தச் சாவியும் மட்டும் தனி மின்கலத்தில் ஓடுகின்றன.

கார் பழைய வேகத்திலேயே சில நொடிகள் வந்தது. மூக்கு கீறலுக்குள் இறங்கியது. வால் மேலே நிற்கிறது. ஸ்டீயரிங் அவர் தொடைமேல் அழுத்தி உட்கார்ந்துவிட்டது. இரண்டு வளையங்களும் எரிகின்றன, அழகாக. அதைப் பார்த்துக்கொண்டு முழு வரிசையும் தூரத்தில் காத்திருக்கிறது.

"அம்மணி! லைட்டு போயிருச்சு! ஒண்ணுமே தெரியலீங்க! கால் மாட்டிக்கிச்சு!"

"தெரியும்."

"பின்னால இருக்கறவங்கள வரச் சொல்லுங்க!"

"ஒங்க வெளக்குதான் அவங்கள நிப்பாட்டி வச்சிருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு."

காலை இழுத்துப் பார்க்கிற முனகல் ரேடியோவில் வந்தது. 

பதிவு 9
11:40

குளிர் ஏறுகிறது. என் வண்டிக் கண்ணாடியின் உட்புறம் பனி படிகிறது. சுரண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

அம்மணி என்றது போய் அக்கா ஆயிற்று.

"அக்கா, நீங்க நெனைக்கறது தப்புங்க. லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு."

"பல்பு எங்கிட்ட இருக்கு. இழை ஊசி மாதிரி ஒடிஞ்சிருக்கு. எரிஞ்சிருந்தா நீண்டிருக்கும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும்."

பதிவு 10
12:25

சொன்னார். அப்படியே எழுதுகிறேன். ஒலிப்பதிவும் இந்த ரேடியோப் பெட்டியிலேயே இருக்கிறது.

"கண்ணாடி சூடாகிப்போச்சுங்க. ஒரு நிமிசந்தான் அணைச்சேன். நானும் வண்டிய நிறுத்திட்டேன். அவரு பின்னால வர்றது தெரியும். ஒரு நிமிசத்துல என்ன ஆகிரப் போகுதுன்னு நெனச்சேன். இடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் போட்டேன். அவரு ரேடியோவுல கூப்புட்டாருங்க. கொஞ்ச நேரம் கூப்புட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"லைட்டப் போடுங்க சார், எங்க இருக்கேன்னு காட்டுறேன்னாரு."

"போட்டீங்களா?"

"காருக்கு என்ன ஆச்சுன்னு எறங்கிப் பாத்துட்டிருந்தேன்."

சந்தியாகு விழித்திருந்தார். விழுந்த பிறகும் விழித்திருந்தார். இது இதுவரை யாருக்கும் தெரியாது. எனக்கும்.

விரல் வளையவில்லை. எழுத்து சாய்கிறது. மன்னிக்கவும்.

பதிவு 11
13:05

"சொல்லிட்டனுங்களே. அந்தச் சாவியத் திருப்புங்க."

"திருப்புறேன்னு நான் சொல்லல."

"உங்க சாமிகிட்ட பாவத்தச் சொன்னா மன்னிச்சுருமாமுல்ல. நானுந்தான் சொல்லிட்டேன்."

"பாவசங்கீர்த்தனம் கேக்கதும் மன்னிக்கதும் சாமியார் வேலை. நான் வெளக்குப் பொறியாளர்."

பிறகு அவர் என்னை மிஸஸ் சந்தியாகு என்று கூப்பிட்டார். தெளிவாக, முழுதாக. முதல் தடவை.

சாவியில்தான் கை இருந்தது. உடனே எடுக்கவில்லை, குளிரினால். குளிரினால்தான் என்று எழுதுகிறேன்.

பதிவு 12
14

நேரம் சரியாகத் தெரியவில்லை. கடிகாரத் திரை உறைந்துவிட்டது.

அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். மூச்சு வந்தது, நீளமாக, இடைவெளி விட்டு. எண்ணவில்லை. பிறகு அதுவும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன். நிச்சயம் செய்துகொள்ள வேண்டும் அல்லவா.

இப்போது சாவியைத் திருப்பினேன். 'வா'.

முன்பக்கம் விளக்கில்லாத வண்டிகள். வருவதைப் பார்க்க முடியாது. இருக்கையின் அடியில் தரை அதிர்கிறது. வரிசையாக வருகிறார்கள், இடைவெளி பிசகாமல். எரியும் சிவப்பை நெருங்கியதும் கண் தானே வண்டியை நிறுத்திவிடும்.

இசக்கி முதலில் வருவான். வாசி. உரக்க வாசி, எல்லாருக்கும். பத்தாம் பதிவிலிருந்து தொடங்கு. சந்தியாகு தூங்கவில்லை.

கதவை நான் பூட்டவில்