வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டிய போட்டோ

மரியே வாழ்க

நெய்வேலி, 16வது ப்ளாக்

அன்பு மகன் ஃபெலிக்ஸுக்கு அம்மா அன்னமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கினு இருக்கோம், அங்கே மஸ்கட்டில் உனக்கு வயிற்று வலி விட்டுதா, வேளைக்குச் சாப்பிடுறியா என்று அதே நினைப்பு. போனில் பேசாமல் எதுக்குக் காகிதம் என்று கேட்பாய். கூட ஒரு போட்டோ வருது, அதுக்காகத்தான். உன்கூட வேலை செய்யிற குறிஞ்சிப்பாடி குமரவேல் லீவு முடிஞ்சு கிளம்புறான், அவன்கிட்ட காடாம்புலியூர் முந்திரி ஒரு கிலோவும் இந்தக் கவரும் கொடுத்து விடுறேன். முந்திரியை ரூம்ல எல்லாருக்கும் கொடு, கவரை நீ மட்டும் பிரி.

போன மாசம் இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்னியே, ஆறு வருஷமா ஊர்ப் பக்கமே வரலையேடான்னு கேட்டேன். யாருக்காக வரணும், பஸ் ஏத்திவிடக்கூட வராதவர் முகத்தைப் பார்க்கவான்னு சொல்லி போனை வச்சிட்ட. அன்னையிலருந்து எனக்குச் சோறு இறங்கல. நீ சொன்னதுல பொய்யில்ல. மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல சேரு, பின்னால பர்மனென்ட் ஆயிடலாம்னு உங்க அப்பா சொன்னாரு, நீ மாட்டேன்ன, அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுச்சு. நீ கிளம்புன அன்னைக்கு விடியக்காலம், எனக்கு ஷிப்டு இருக்குன்னு யூனிஃபார்ம் மாட்டிக்கினு அவர் போனதை நானும் பார்த்துக்கினுதான் இருந்தேன்.

அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல உங்க அக்கா நான்சி போன்ல உன்னை எடுத்தாளே ஒரு போட்டோ, அதைப் பெருசா போட்டு மாட்டணும்னு எனக்கு ஆசை. வெயில் உன் முதுகுப் பக்கம், அதனால முகம் கரிக்கட்டை மாதிரி இருந்துச்சு. நம்ம மெர்லின்கிட்ட கொடுத்தேன். உங்க அக்கா மகள் இப்ப ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறா, தெரியுமில்ல. இன்ஜினியரிங் படிக்காம போச்சேன்னு நான்சி இன்னும் முணுமுணுக்கிறா, ஆனா கல்யாண ஆல்பம்னா மெர்லினைக் கூப்பிடுன்னு ஸ்டுடியோக்காரரே சொல்றாரு, எனக்கு அதுல பெருமைதான், நீயும் அவளுக்கு ரெண்டு வார்த்தை மெசேஜ் போடு. என்னைப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார வச்சா. திரையில ஒரு கட்டம், கீழ் மூலையிலருந்து மேல் மூலைக்கு ஒரே ஒரு கோடு. இதுக்குப் பேரு கர்வ் ஆயா, கோட்டுல கீழ்ப்பக்கம் போட்டோவோட இருட்டு, மேல்பக்கம் வெளிச்சம், எது வேணுமோ அதைப் புடிச்சு இழுத்தா போதும்னா. அஞ்சாவது படிச்சவளுக்கு எங்க புரியப் போவுதுன்னு நினைச்சேன், பார்த்தா நம்ம துணிக்கொடிதான். ஈரத் துணி பாரத்துல தொங்குற இடத்துல கோலைக் குடுத்துத் தூக்குனா கொடி மொத்தமும் ஏறுதில்ல, அப்படி இருட்டைத் தூக்குனதும் வானமும் சேர்ந்து வெள்ளை வெளேர்னு போச்சு. உடனே மேல்பக்கம் ஒரு புள்ளி வச்சு ஆணி அடிச்ச மாதிரி அதை நிறுத்திட்டா. உன் முகம் தெளிஞ்சுது. பேப்பர்ல போட்டா திரும்பவும் இருட்டு. திரைக்கு உள்ளேருந்து வெளிச்சம் வருது ஆயா, பேப்பருக்கு அது ஏதுன்னு இன்னும் கொஞ்சம் தூக்குனா, அது அதிகமாகி நிழலெல்லாம் அனல் மின் நிலையச் சாம்பல் தூவுன மாதிரி வெளுத்துச்சு. மூணாவது பிரிண்டுலதான் சரியா வந்துச்சு.

அதை வூட்டுக்குக் கொண்டாந்து ஜன்னல் பக்கம் வச்சுப் பார்க்கிறேன், உனக்குப் பின்னால தூங்குமூஞ்சி மரத்தடியில, இத்தனை வருஷமா வெறும் கறுப்பா இருந்த இடத்துல, மைன்ஸ் யூனிஃபார்ம்ல ஒரு ஆளு. முகம் பாதி மரத்துல மறைஞ்சிருக்கு. கையில நீலமும் மஞ்சளும் போட்ட ஒயர் கூடை. ஃபெலிக்ஸ், அந்தக் கூடை நான் பின்னினது. கைப்பிடிக்கு மஞ்சள் ஒயர் பத்தாம சிவப்புல முடிச்சேன், அந்தச் சிவப்பும் தெரியுது. உங்க அப்பாகிட்ட நீட்டுனேன். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்துட்டு, யூனிஃபார்ம் போட்டவனெல்லாம் நானா, இங்க பத்தாயிரம் பேரு போட்டுக்கினு திரியறான்னாரு. கூடைன்னேன். ஊர்ல வேற எவளும் கூடை பின்னலையான்னாரு. சரின்னு விட்டுட்டேன். சாயங்காலம் மெர்லின்கிட்ட தனியா போயி, பாப்பா, அந்த மரத்தடியை மட்டும் பழையபடி கறுப்பாக்கிட முடியுமான்னு கேட்டிருக்காரு. முடியும் தாத்தா, ஆனா எவனோ ஒருத்தனுக்காக நான் எதுக்கு மெனக்கெடணும்னாளாம். அப்புறம்தான் அவரு, அன்னைக்கு லீவு போட்டிருந்தேன், ஷிப்டுன்னு சொல்லிட்டு வந்ததால கிட்ட போக முடியல, பஸ்ஸு திரும்புற வரைக்கும் நின்னேன், உங்க ஆயாகிட்ட சொல்லாதேன்னாராம். அவ நேரா வந்து என்கிட்டதான் சொன்னா.

கையெழுத்துப் போடாதேன்னு நான் சொல்லல, உன் வேலை, உன் முடிவு. போடுறதுக்கு முன்ன ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு வந்திருப்பாரு, பத்து மணிக்கு மேல அவர் போனுக்குக் கூப்பிடு. போட்டோ பேச்சை எடுக்காதே, எடுத்தா வெட்கப்பட்டு போனை என்கிட்ட கொடுத்துடுவாரு. சக்கரை எவ்வளவு இருக்குன்னு கேளு, அங்கேருந்து அவரே பேசிக்கினு போவாரு.

மாதா உன்னைக் கைவிடாம காப்பாத்தட்டும். உன் நெத்தியில சிலுவை போட்டு முத்தம் தர்றேன். ஒண்ணு மறந்துடாதே, மெர்லின் சொல்லச் சொன்னா, ராத்திரி ரூம் லைட்டுல பார்த்தா மரத்தடி திரும்பவும் கறுப்பாதான் தெரியுமாம். பகல்ல வெளியே வந்து, வெயில் வெளிச்சத்துல வச்சுப் பாரு. அவர் அங்கேதான் நிக்கிறாரு.

உன் அம்மா,
அன்னமேரி சந்தியாகு