பாய்ந்தது யார்

அன்பு மகனுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் உடைந்துவிடுவேன், அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் ஆபீஸ் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார், ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அவர் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகச் சொல்ல, உன் அக்கா விளையாட்டாகத் திருத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். விருந்தாளிகள் படியிறங்கியதும் கதவைத் தாழிட்டார். இனி அவன் என்றே எழுதுகிறேன். நாலு பேர் முன்னால என்னை இன்சல்ட் பண்ணிட்டேல்ல என்று கேட்டபடியே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்மேல் பாய்ந்தான். முடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான், மறுபடியும் மோதினான், தாடை உடைந்த சத்தம் சமையலறைவரை கேட்டது. தடுக்க ஓடிய என்னைச் சுவரில் தள்ளினான். கைக்கு அகப்பட்ட இஸ்திரிப் பெட்டியால் அவன் மணிக்கட்டில் போட்டேன், எலும்பு விட்டுப்போயிற்று. வகுப்பில் பிரம்பைத் தொடாத டீச்சர் நான், மறுபடியும் ஓங்கினேன், அதற்குள் ஓடிவிட்டான்.

ஸ்டேஷனில் அவன் புகாரில் இன்சல்ட், அதாவது அவமானம், எங்கள் புகாரில் அசால்ட், அதாவது தாக்குதல். ரெண்டுக்கும் சரியாப் போச்சு, சமாதானமாப் போங்கம்மா என்றார் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு வந்து பெரிய அகராதியைப் புரட்டினேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதானப்பா, லத்தீனில் சாலிரே என்றால் குதிப்பது. முன்னால் இன் சேர்ந்தால் ஒருவர் மேலே பாய்வது, அட் சேர்ந்தால் ஒருவரை நோக்கிப் பாய்வது. ஒரு காலத்தில் இன்சல்ட் என்றாலே தாக்குவதுதானாம், பிறகுதான் வெறும் வாய்ப்பேச்சுக்கு ஆகியிருக்கிறது. மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் இதைச் சொன்னேன், அகராதியைப் பார்த்து கேஸ் எழுத முடியுமா என்று சிரித்தார். அவ நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல சார், பாஞ்சது அவன் ஒருத்தன்தான் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். வழக்கு பதிவாகிவிட்டது.

அவன் உன்னிடம் அழுதானாம், பொறுத்துப் போ என்று அக்காவுக்கு நீ செய்தி அனுப்பியிருக்கிறாய். உனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன், மறக்கவில்லை. அந்த வேலை போனால் போகட்டும், வேறு தேடிக்கொள்ளலாம். அவன் கூப்பிட்டால் எடுக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். சாயங்காலம் மறக்காமல் கூப்பிடு, போனை அக்கா காதில் வைக்கிறேன். தாடை கூடுவதற்காக டாக்டர்கள் வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பதில் வராது. அதற்காக வைத்துவிடாதே, பேசிக்கொண்டே இரு.

உன் அம்மா