டெக்சாஸ் ஜெஸ்ஸி

சனிக்கிழமை, டிசம்பர் 6

ஒன்பது வருடமாக இந்த துபாய் ஓட்டலில் கிட்டாரோடு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகள் பாடுகிறேன். வாசல் போஸ்டரில் என் பெயர் ஜெஸ்ஸி, ஊர் டெக்சாஸ். மேனேஜர் சேகர் வைத்த ஊர் அது. கௌபாய் தொப்பியும் அவர் கொடுத்ததுதான்.

இன்று மதிய விருந்துக்கு நிஜ டெக்சாஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். டெக்சாஸில் எந்த ஊர் என்று கேட்டார். "மணப்பாடு" என்று என் சொந்தக் கடற்கரை ஊரைச் சொன்னேன், மைக்கிலேயே. அதோடு நிறுத்தியிருக்கலாம். கடலிலிருந்து திரும்பாத அப்பாவின் வள்ளத்தைப் பற்றி நானே கட்டிய தமிழ்ப் பாட்டைக் கன்ட்ரி மெட்டில் பாடினேன். அந்த மனிதர் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சேகர் ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், டெக்சாஸ்னு போட்டாத்தான் ஆள் வருது. தமிழ்ப் பாட்டு இன்னையோட கலாஸ்."

"அவங்க பாட்டும் வீட்ட விட்டுப் போனவங்கள நெனச்சுத்தான அழுவுது, சேகர்? எனக்கு எதுக்கு இரவல் ஊரு?"

அவர் அடுத்த வாரம் தொப்பியை மறக்காமல் போடச் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தப் பாட்டைத்தான் முதலில் பாடுவேன். என் விசா ஓட்டல்காரர்கள் கையில்தான் இருக்கிறது. மகளின் ஸ்கூல் வேறு... அதை இப்போது எழுத வேண்டாம்.

தொப்பியை ரிசப்ஷனிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது ஓட்டலுடையது. கிட்டார் என்னுடையது.