மழைக்குப் பிறகு வாங்கிய லேப்டாப்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அசாய்ப் பழக்கூழ், மரவள்ளிக் குருணை, பூண்டு, பீடத்துக்கு மெழுகுவர்த்தி. அசாய் மறுபடி விலை ஏறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. காணிக்கைப் பாட்டின் நடுவில் பழைய லேப்டாப் நின்றுவிட்டது. என் விரல்கள் கீபோர்டில் ஓடுகின்றன, சத்தமே இல்லை. ஆர்கன், மணியோசை எல்லாம் லேப்டாப்புக்குள்தான் இருக்கின்றன. அது செத்தால் என் கையிலிருப்பது வெறும் பலகை. சாமியாரே திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு வயசாயிப் போச்சு சில்டா," என்கிறார் என் வீட்டுக்காரர் பெனே. "எனக்கும்தான் வயசாச்சு. என்னையும் மாத்திடுவியோ?"

"உங்கள எடுத்துக்க எந்தக் கடைக்காரன் வருவான்?"

சிரித்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். இதே கூத்து அக்டோபரில், மாதாவின் தேருக்கு முன்னால் நடந்தால்?

ஆகஸ்ட் 9, வெள்ளி

தோழி ஒதினேயாவைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டு மாடி முகப்புக்குக் கீழேதான் நாசரேத் மாதாவின் தேர் போகும். வருடா வருடம் தேர் வரும்போது ஒதி பாடுவாள், நான் வாசிப்பேன். எங்கள் மகள் தைனாராவுக்கு ஞானத்தாயும் அவள்தான்.

மார்ச்சில் அவள் தொண்டையில் கத்தி வைத்தார்கள். கட்டி போனது. கூடவே குரலும் போனது. இப்போது அவள் பேசினால் வெறும் காற்றுதான். பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். நல்லவேளை, ஆபரேஷனுக்கு முன்பே அவள் பாட்டை வரிவரியாகப் பதிந்து வைத்திருந்தேன். இந்த வருடம் அந்தக் குரல் மாதாவின் முன் பாட வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று நான் நேர்ந்துகொண்டது அது.

"மெழுகுல ஒரு தொண்டை வாங்கிக் காணிக்கை வெச்சிடு ஒதி," என்றேன். குணமான உறுப்பை மெழுகில் செய்து மாதாவுக்கு வைப்பது வழக்கம்தானே.

"குணமானவ வெக்கணும்டி அத," என்று காற்றாய்ச் சொன்னாள். "எனக்கு என்ன குணமாச்சு? பஞ்சரான டயர் மாதிரி சீறிக்கிட்டு இருக்கேன்."

காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை கிளெவர்சன் ராட்சத ஒலிபெருக்கி வைத்த ஆட்டக் கூடங்களில் பாட்டுப் போடுகிறவர். அந்த ஆட்டத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

"எதுக்கு அத்த இவ்ளோ கஷ்டம்? போன்ல போட்டு விட்டுற வேண்டியதுதானே?"

"தேரு போன் சொல்றபடி போகாது மாப்ள."

அவருக்கே தெரியும். கயிறு இழுக்கிறவர்கள் மூச்சு வாங்க நின்றால் தேரும் நிற்கும். தள்ளுமுள்ளு வந்தால் ஓடும். அதனால்தான் காலடியில் பெடல் வைத்திருக்கிறேன். ஒரு மிதிக்கு ஒதியின் ஒரு வரி. தேர் நின்றால் வரியை நிறுத்திக் கீபோர்டை நீட்டி வாசிப்பேன். நகர்ந்தால் அடுத்த மிதி.

"அப்படின்னா என் மெஷின எடுத்துக்குங்க. எருமை மாதிரி உழைக்கும்."

அதன் மூடியில் ஒரு மண்டை ஓடு. உள்ளே சிவப்பு விளக்கு. விசிறி போடும் சத்தமோ அரவை மில். அந்த ஆட்டமெல்லாம் ஆடிய மெஷினில் மாதா பாட்டா?

"வேண்டாம் மாப்ள," என்றேன். முகம் சுண்டிப் போனார். இருந்தாலும் வாத்துக் குழம்பு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 24, சனி

கடை வீதி. ஒரே குளிர், ஏசி.

"அம்மாவுக்கு சமையல் வீடியோ பாக்கவா, பேரப்பிள்ளைங்களோட பேசவா?" என்று கேட்டாள் விற்கிற பெண்.

"சர்ச்சுல கீபோர்டோட மாட்டணும். கட்டைய அழுத்துனதும் சத்தம் வரணும். ஒரு இமைப்பொழுது பிந்தினாலும் எனக்கு ஆகாது."

என் பென் டிரைவைச் செருகிக் காட்டினேன். அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. வேறு இரண்டு மெஷின்களை எடுத்து வந்து அவளே திறந்து வைத்தாள். ஒன்றுக்கு விசிறியே கிடையாது, பூனை மாதிரி அமைதி. மற்ற தடி மெஷினுக்கு ஓட்டைகள் தாராளம்: கீபோர்டுக்கு, பெடலுக்கு, ஒலிப்பெட்டிக்கு. ஆனால் அழுத்தி வேலை வாங்கினால் 'ஙொய்' என்று இரைகிறது. பூசையில் எல்லோரும் மண்டியிட்டிருக்கும்போது அது இரைந்தால்?

வாங்காமல் வந்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

செபமாலை சொல்லும்போதும் அதே நினைப்பு. ஒரு மணியை உருட்டும்போது விசிறி, அடுத்த மணியில் பேட்டரி. எந்தத் தேவ இரகசியத்தில் இருக்கிறேன் என்பதே மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மாதா மன்னிக்கட்டும். இதைவிடக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பது சுலபம். தைனாரா அதைக்கூடக் கேட்காமல் முடித்துவிட்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வாங்கிவிட்டேன். மெல்லியது, விசிறி இல்லாதது. கூடுதலாக ஓட்டைகளுக்கு ஒரு சின்னப் பெட்டி. பத்துத் தவணை. தொகையை நாளைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 11, புதன்

நாளைக்கு.

செப்டம்பர் 14, சனி

ஒதி வீட்டு முகப்பில் முதல் ஒத்திகை. எப்போதும்போல் மழைக்குப் பிறகு. ஈரக் காற்று, மாமரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர். பெடலை மிதித்தேன். ஒதியின் குரல் பழைய ஒதியாகவே எழுந்தது. கீழே ரொட்டிக்காரர் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

ஒதி எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்குப் பாத்திரமே கிடையாது, காலையிலேயே கழுவி வைத்திருந்தாள்.

செப்டம்பர் 28, சனி

மழைக்குப் பிறகு ஒத்திகை. ஒரு பிசிறு இல்லை. நான் எடுத்த முடிவு சரி.

அக்டோபர் 9, புதன்

திருவிழாவுக்கு மரவள்ளி இலை அடுப்பில் கொதிக்கிறது. ஏழு நாள் கொதித்தால்தான் விஷம் போகும். இது நாலாம் நாள்.

மாப்பிள்ளைக்குக் காலையில்தான் நேரம் என்பதால் முகப்பில் ஒலிபெருக்கி கட்டக் காலையிலேயே போனோம். கட்டி முடித்ததும், "ஒரு தடவ போட்டுப் பாத்துருவோம் அத்த," என்றார். வெயில் நேராக முகப்பில் விழுந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு வரி சரியாக வந்தன. மூன்றாவதில் ஒதியின் குரல் — எப்படி எழுதுவேன் — துண்டு துண்டாக, விக்கல் எடுத்த மாதிரி. பிறகு கர்ரென்று ஒரு சத்தம். லேப்டாப்பின் அடியைத் தொட்டேன். தோசைக்கல்.

ஒதி காதைப் பொத்திக்கொண்டாள். அவள் குரலை இரண்டாம் தடவை அறுத்தது நான்தான்.

என்ன தப்பு செஞ்சேன்? எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தானே வாங்கினேன்? பதினைந்து வீடியோ பார்த்தேனே, ஒருத்தன்கூட —

அக்டோபர் 10, வியாழன்

இப்போது புரிகிறது. இந்த ஊரில் எதையுமே மழைக்குப் பிறகுதானே வைத்துக்கொள்கிறோம்! விருந்து, பஞ்சாயத்து, ஒத்திகை, எல்லாமே. மழை வராத நாளிலும் அது மழை நேரம்தான். கடையில் ஏசி. முகப்பில் ஈரக் காற்று. வெயிலில் ஒருநாள்கூட அதை உட்கார வைத்துப் பார்க்கவில்லை. விசிறி இல்லாத மெஷின் சூட்டை எங்கே தள்ளும்? சுருண்டுவிட்டது. தேரோ காலையில், கொளுத்துகிற வெயிலில் வரும்.

பெனேயிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "சரி, விசிறிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதானே இத வாங்கினே? தேரு அன்னிக்கு தெருவுல எத்தன லட்சம் பேரு கத்துவாங்க? அதுல விசிறிச் சத்தம் யாரு காதுல விழப்போகுது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைச் சட்டியில் போட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது சரி.

மாப்பிள்ளைக்கு நானே போன் செய்தேன். "மாப்ள, உங்க எருமைய அனுப்புறீங்களா?"

எதிர்முனையில் சிரிப்பு. "மண்டை ஓட்டோடயா அத்த, இல்ல சுரண்டிட்டு அனுப்பட்டுமா?"

"அது கெடக்கட்டும்," என்றேன். மண்டை ஓட்டின் மேல் மாதா படம் ஒன்று ஒட்டினேன். இரண்டு கண்குழியும் மறையவில்லை; இன்னொரு படமும் ஒட்ட வேண்டியதாயிற்று.

அக்டோபர் 13, ஞாயிறு — தேர்



வெயில் சுட்டெரித்தது. எருமை இரைந்தது, சிவப்பாக ஒளிர்ந்தது, நிற்கவில்லை. தேர் தெரிந்ததும் மிதித்தேன். முதல் வரி. இரண்டாம் வரி. ஜனங்கள் அண்ணாந்தார்கள். மூன்றாம் வரியை மிதிக்கக் காலை எடுத்தபோது கயிறு நின்றது. தேர் எங்கள் முகப்புக்கு நேர் கீழே. மாதாவின் மேலாடை என் கைக்கு எட்டும்போல இருந்தது. நான் கீபோர்டை நீட்டிக்கொண்டே இருந்தேன். கயிறு அசையவில்லை. மிதிக்கவா, காத்திருக்கவா? கண்ணீரில் பெடலே தெரியவில்லை.

விலாவில் ஒரு முழங்கை.

"நகருடி," என்றது காற்று. "கொரல் என்னுது."

ஒதி செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலில் வலது காலை வைத்தாள். மிதிக்கவில்லை. மாதாவையே பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள், தோள் உயர்ந்தது. பாடுவதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் இழுப்பாள். கீழே கயிறு அசைந்த அந்த நொடியில் மிதித்தாள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பின்பற்றி வாசித்தேன், எல்லா வருடமும்போல.

அக்டோபர் 17, வியாழன்

மீதி இலைக்குழம்பு, சோறு. புது லேப்டாப்பைப் பூசைக்கு எடுத்துப் போனேன். கோயிலுக்குள் நிழலில் சமர்த்தாக இருந்தது. தொகையையும் கணக்கில் எழுதிவிட்டேன்.

சாயங்காலம், மழைக்குப் பிறகு, ஒதி கூப்பிட்டாள். பெரிய கோயிலுக்குச் சேர்ந்து போனோம். வாசலில் மெழுகு உருவங்கள் விற்கும் பெண், "தொண்டையாக்கா?" என்று எடுத்து நீட்டினாள். ஒதி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

ஒரு கால் வாங்கினாள். வலது கால்.