சும்மா நிக்கிறன், எடு

அம்மா,

இன்றைக்குப் படுவான்கரையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். முந்திய இரவு யானைகள் வந்து, ஒரு வீட்டின் வாழைகளை அடியோடு சரித்துவிட்டுப் போயிருந்தன. நான் கமராவை வெளியே எடுத்ததும் அந்த வீட்டுப் பெண், "கொஞ்சம் நில்லுங்க புள்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்தார். படத்துக்கு நிற்கமுதல் தேத்தண்ணி தந்தார். கோப்பையை வாங்கும்போது அவருடைய விரல்களில் யானை கலைக்கிற வெடியின் மணம் வீசியது.

எரிந்த கந்தக மணம். எந்தச் சவர்க்காரம் போட்டாலும் அது உங்கள் கையை விட்டுப் போகாது. நீங்கள் குழைத்துத் தந்த சோற்றிலும் அது இலேசாக இருக்கும். சின்ன வயதில் எல்லா அம்மாக்களின் கைகளும் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன். தேத்தண்ணி ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் சீனி போதாது என்று நினைத்துக்கொண்டார்.

வனவிலங்குகளையும் வாவியையும் காடுகளையும் காக்கும் ஒரு நிறுவனத்தில் தொடர்பாடல் பயிலுநராக நான் சேர்ந்தபோது, அது என்ன வேலை என்று உங்களுக்கு விளங்கவேயில்லை. முகநூலில் படம் போட்டு அதன் கீழே எழுதுவது என்று சொன்னேன். அதற்கும் காசு தருவார்களா என்று கேட்டீர்கள். பிறகு கிரான் சந்தையில் கண்டவர்களிடமெல்லாம், மகள் ஆனைக்கு வேலை செய்கிறாள் என்று சொல்லித் திரிந்தீர்கள். "நான் இஞ்ச வெடி போட்டுக் கலைக்கிறன். நீ அங்க இருந்து வாங்க வாங்க எண்டு எழுது" என்பீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். ஆனால் முழுக்கச் சிரிப்பும் இல்லை.

நான் எழுதியவற்றை ஒன்றுவிடாமல் பார்த்தீர்கள். வாவிக்கரையின் கண்டல் காடு, மீன்பிடிப் பூனை, செங்கால் நாரை எல்லாம் உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடும். ஒருநாள் தொலைபேசியில் விமர்சனம் சொன்னீர்கள்: கொக்கு வடிவு, எழுதினது ஒன்றும் விளங்கவில்லை. அது கொக்கு இல்லை, நாரை என்றேன். நெல்லைத் தின்னாதவரைக்கும் எல்லாம் கொக்குதான் என்றீர்கள்.

வயல் வட்டைக்குள் நிற்கும்போது மட்டும் நீங்கள் ஆனை என்று சொல்லமாட்டீர்கள். பெரியவர் என்பீர்கள். பேரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயமா, மரியாதையா என்று நான் கேட்டதில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

அந்த வருடப் பெரும்போக நெல் அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பெரியவர் வந்தார், கூட்டத்தோடு. ஊர்ப் பாலத்துக்கு அப்பால் இருந்த வயல், உங்கள் அம்மா உங்களுக்குச் சீதனமாகத் தந்தது, அப்பா செத்த பிறகு நீங்களே விதைத்து நீங்களே காவல் கிடந்தது. விடிந்ததும் எனக்கு அழைத்து, "வெள்ளாம போயிட்டு" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த நேரம் எங்கள் அலுவலகத்தில் யானைகளும் விவசாயிகளும் பற்றி ஒரு பிரசாரம் தொடங்க இருந்தது. என் பயிலுநர் காலமும் முடிய இருந்தது. இருந்த இரண்டு பயிலுநர்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்திருப்பார்கள். இதையெல்லாம் உங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருந்தேன். பிரசாரத்துக்குப் பொறுப்பான இணைப்பாளரிடம் விடுப்புக் கேட்டபோது அவர் உடனே கமராவை எடுத்துக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. வழி முழுக்க நட்டஈட்டுக்கு யாரிடம் போவது என்றுதான் பேசிக்கொண்டு வந்தார்.

நீங்கள் வரம்பில் குந்தியிருந்தீர்கள். முற்றிய கதிரெல்லாம் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. நீங்கள் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பாவின் செத்தவீட்டில்கூட வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் இணைப்பாளர் தூரத்தில் நின்றே படத்தை எடுத்துவிட்டார்.

கமராச் சத்தம் கேட்டதோ என்னவோ, எழும்பி நேரே அவரிடம் வந்தீர்கள். "காட்டுங்க தம்பி" என்றீர்கள். காட்டினார். நன்றாக வந்திருந்தது என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். கன்னத்தில் ஈரமும் பின்னால் சாய்ந்த நெல்லும் தெளிவாக விழுந்திருந்தன. பார்த்தால் யாரும் கடந்துபோக முடியாத படம். நீங்களும் கனநேரம் பார்த்தீர்கள்.

"அழுதன்தான். இல்லெண்டு சொல்லல்ல. இதப் போட்டா எனக்குப் பாவம் பாப்பாங்க, ஆனைய ஏசுவாங்க, மறுகா ரெண்டு பேரையும் மறந்திருவாங்க. இத வெளிய விடாதீங்க."

பிறகு காவல் வாடிக்குள் போய் முகத்தைக் கழுவினீர்கள். கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தீர்கள். சேலைத் தலைப்பில் இருந்த சேற்றை உள்பக்கம் மறைத்துச் செருகினீர்கள். கமராவை என் கையில் தரும்படி இணைப்பாளரிடம் சொன்னீர்கள். எங்கே நிற்க, எப்படிப் பார்க்க என்று நான் கேட்டேன்.

"சும்மா நிக்கிறன், எடு."

எடுத்தேன். மிதிபட்ட நெல்லின் நடுவே, இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நின்றீர்கள். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

திரும்பி வரும்போது இணைப்பாளர் மறைக்காமல் சொன்னார். நிற்கிற படத்தை யாரும் பார்க்கமாட்டார்கள், அழுகிற படம்தான் பிரசாரத்தைத் தூக்கும், உனக்கும் நல்லது. இருந்தாலும் உன் அம்மா, முடிவு உன்னுடையது என்றார். படத்தை என் கைப்பேசிக்கும் அனுப்பிவைத்தார்.

பின்னேரம் நீங்கள் அழைத்தீர்கள். அழுகிற படத்தைப் போட்டால் எனக்கு வேலை தருவார்களா என்று கேட்டீர்கள். தரலாம் என்றேன். "அப்ப போடு. வெள்ளாமையே போயிட்டு, ஒரு மூஞ்சில என்ன கிடக்கு" என்றீர்கள்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. உங்களை நான் ஏசியது அன்றைக்குத்தான். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, ஏசாத. அப்ப மற்றதப் போடு. அழுறத நீ வச்சிரு. நானும் அழுவன் எண்டு உனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றீர்கள்.

நிற்கிற படத்தையே போட்டேன். கீழே சகவாழ்வு, சமநிலை என்று பந்தி பந்தியாக எழுதிவைத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நீங்கள் வாடியில் எங்களை வழியனுப்பும்போது சொன்னதை மட்டும் எழுதினேன்: பெரியவர் வந்திட்டுப் போயிட்டார். நாங்க இரிக்கம்.

இணைப்பாளர் சொன்னதுதான் நடந்தது. படம் பெரிதாக ஓடவில்லை. வேலை மற்றப் பிள்ளைக்குப் போனது. அவளும் நன்றாக எழுதுகிறவள், குறை சொல்ல முடியாது. அடுத்த போகம் உங்களோடு களை பிடுங்கினேன். நீங்கள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனைக்காரி, நெல்லை விட்டுவிட்டுப் புல்லைப் பிடுங்கு என்று மட்டும் நக்கலடித்தீர்கள்.

மின்வேலி பற்றிப் பேச நிறுவனத்தார் எங்கள் ஊருக்கு வந்தபோது கூட்டம் நடந்த கட்டடம் நிறைய ஆட்கள் வந்தார்கள். வழக்கமாக அப்படி வருவதில்லை. அந்தப் படம் வட்டைக்காரர்களுக்குள் கைப்பேசி கைப்பேசியாகப் போயிருந்திருக்கிறது. "இவட தாய நேரா நிக்கவெச்சுப் போட்டவங்கதானே, என்ன சொல்றாங்க எண்டு கேப்பம்" என்று ஒரு பெண் சொன்னதை இணைப்பாளரும் கேட்டார். மற்றப் பிள்ளை மேலே படிக்கக் கொழும்புக்குப் போனதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். "என்ன, பெரியவர் ஆள் அனுப்பிட்டாரா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு வட்டையில் நிற்கவில்லை, வீட்டு அடுப்படியில்தான் நின்றீர்கள். இருந்தும் பெரியவர் என்றுதான் சொன்னீர்கள்.

வேலி வந்தது. மின்சாரம் இருக்கும் நாளில் வேலை செய்கிறது.

பெரியவருக்குப் பயந்து காலமெல்லாம் வெடியோடு காவல் கிடந்தீர்கள், கடைசியில் எலிக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வயல் வேலை செய்த உடம்பு நோவு என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் நின்றிருந்தது. எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் செத்தவீட்டுப் பதாகை அடிக்கும் பொறுப்பை மாமா என்னிடம் தந்தார், படம் போட்டு எழுதுவதுதானே உன் வேலை என்று. ஓட்டமாவடியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார நானா கணினியில் வழக்கமான வடிவத்தைத் திறந்தார். மேலே கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் நீர் வடியும் ஒரு கண். அந்தக் கண்ணையும் கண்ணீர் என்ற சொல்லையும் எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார். பிறகு உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"தங்கச்சி, பின்னால நெல்லெல்லாம் சாஞ்சி கிடக்கு. வெட்டிப்போட்டு நீல வானம் ஒண்டு வைப்பமா?"

"வேணாம் நானா. கிடக்கட்டும்."

அந்தப் படம்தான் சந்தியில் நின்றது. இப்போது வீட்டுச் சுவரில், மாலையோடு நிற்கிறது. வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எடுக்கமுதல் கேளுங்கள், அவர்கள் முகம் கழுவிவரும்வரை நில்லுங்கள். இன்றைக்கு அந்தப் பெண்ணும் சரிந்த வாழைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

மற்றப் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை. உங்களை நினைத்துத் தாங்கமுடியாமல் போகிற நாட்களில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் அழுவேன். பிறகு முகத்தைக் கழுவி, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வெளியே வருவேன்.