வாத்தியார் ஏன் ஏரியில் குதித்தார்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தீயணைப்புப் பயிற்சியில் நீயும் கருகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கைபேசியை முகாமில் வாங்கி வைத்துவிட்டதால் உன்னால் குறுக்கே பேச முடியாது. உன் அதிகாரிகளுக்குக் கோடிப் புண்ணியம்.

நீ போனதிலிருந்து உன் நாய் வாத்தியார் சாப்பிடுவதில்லை என்று அம்மா எழுதியதும், அவரை உன் தோழி வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லியிருந்தாய். மாதக் கடைசியில் அவள் வருகிறாளாம். அதற்குள் இதைப் படித்துவிடு.

வாத்தியார் உன் அறையிலேயே கிடந்தது உண்மைதான். வாலைக்கூட யாரோ வற்புறுத்தியதுபோல்தான் ஆட்டினார். அந்தச் சமயத்தில்தான் அப்பா, தொப்பையைக் குறைக்க ஏரியில் பேடில் போர்டு ஓட்டக் கிளம்பினார். அகலமான பலகை, நின்றுகொண்டே துடுப்புப் போட வேண்டும். இரண்டு முறை விழுந்தார். குளிக்கத்தான் இறங்கினாராம். மீசையில் தண்ணீர் ஒட்டவில்லை.

நானும் ஏறினேன். நடு ஏரியில் சத்தமே இல்லை அக்கா. துடுப்பு சொட்டுவதுகூடக் கேட்கிறது. காலடியில் மீன்கள் நம்மைக் கண்டுகொள்ளாமல் தம் வேலைக்குப் போகின்றன. கால் மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று அப்பா கேட்டார்.

வாத்தியாரையும் ஏற்றலாமா என்று படகுக்கடை அக்காவிடம் கேட்டேன். அவர் உடைந்த பலகை ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டுக் கூடத்தில் போட்டு அதன்மேல் சோறு வைக்கச் சொன்னார். நாலாம் நாள் தட்டு காலி. பிறகு முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை மாட்டினார். வாத்தியார் பயணப் பை மாதிரி இருந்தார். ஓடிவிடக் கூடாதே என்று நான் அவர் கழுத்துக் கயிற்றைப் பலகையில் கட்டினேன். கடைக்கார அக்கா அவிழ்த்துவிட்டார். "பலகை கவிழ்ந்தா அவன் அடியில மாட்டிக்குவான்மா. பலகைக் கயிறு உன் காலுல கட்டத்தான், அவனுக்கு இல்ல."

இனி வருவது அம்மாவுக்குத் தெரியாது. கரையோரம், இடுப்பளவுத் தண்ணீர். அப்பாவைப் பயமுறுத்த 'ஐயோ' என்று கத்தி, வாத்தியாரோடு நின்ற பலகையிலிருந்து வேண்டுமென்றே விழுந்து, குப்புற மிதந்தேன். அப்பா அசையவில்லை. என் ஐயோவுக்கு நம் வீட்டில் மதிப்பில்லை. ஆனால் மழைக்கே கட்டிலடியில் ஒளியும் வாத்தியார் குதித்துவிட்டார். என் மிதவைச் சட்டையின் பட்டையைக் கவ்விக் கரைப்பக்கம் இழுத்தார். அவர் முதுகுக் கைப்பிடியைப் பிடித்துப் பலகைமேல் தூக்கினேன். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்திருந்தால்?

அப்பா திட்டவில்லை. "உன் விளையாட்டு அவனுக்குத் தெரியாதுடி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அன்று வாத்தியார் என் கட்டிலருகில் படுத்தார். இன்றுவரை அங்கேதான் தூங்குகிறார். இப்போது வேளாவேளைக்குச் சாப்பாடு. ஞாயிறு காலை காற்று எழுமுன் அரைமணி நேரம் ஏரி. அவர் குடிக்கத் தனியாகத் தண்ணீர். பலகைமேல் நான் குறும்பு செய்வதில்லை. கரையில் செய்வதைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை.

அவர் உன் நாய்தான், உரிமை கேட்கவில்லை. பகலில் இன்னும் உன் அறைக்குத்தான் போகிறார். அவரைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு நானும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அவரும் போய்விட்டால் என்ன சொல்லிக்கொண்டு போவேன்?

வர வேண்டாம் என்று உன் தோழிக்கு ஒரு வரி எழுதிவிடு. நெருப்புப் பக்கம் பார்த்துப் போ.

இப்படிக்கு,
உன் தொல்லை